பழவேற்காடு வரை

திருப்பயணம் என்றாலே நம் பங்குகளில் வேளாங்கண்ணி என்றுதான் பொருள். அடுத்தபடியாகப் பூண்டி, ஏலாக்குறிச்சி, ஓரியூர். இரவு முழுவதும் செபமாலையும் பாட்டுமாகப் பேருந்தில் சென்று, விடியற்காலையில் கண்கள் சிவக்க மாதாவின் முன் மண்டியிட்டால்தான் திருப்பயணம் சென்ற நிறைவு நமக்கு ஏற்படுகிறது. எதுவாயினும் தெற்கு நோக்கியே செல்லவேண்டும். வடக்கே திரும்பிப் பார்க்கும் வழக்கம் வடசென்னைக்காரர்களாகிய நமக்கே இல்லை. அங்கே புகைபோக்கிகளும் எண்ணெய்க் கிடங்குகளும் சரக்கு லாரிகளும் தவிர வேறென்ன இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம்.

மூலக்கொத்தளத்தைச் சேர்ந்த எங்கள் அன்பியத்தார் 18 பேர், தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு வடக்கே புறப்பட்டோம். ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காடுதான் எங்கள் இலக்கு. பள்ளி ஆசிரியை ஒருவரின் யோசனை அது. மறைக்கல்வி மாணவர்களுக்கு நம் விசுவாசத்தின் தொன்மையைக் காட்டவேண்டும் என்பது அவருடைய ஆவல். துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், எங்கள் உபதேசியார், சமையலுக்குப் பொறுப்பேற்ற தாய்மார்கள், எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட ஆறு பிள்ளைகள் ஆகியோர் எங்களுடன் இருந்தனர்.

வேன் புறப்பட்ட இடமே ஒரு பழைய எல்லைதான் என்பதை ஆசிரியை பிள்ளைகளுக்கு முதலில் எடுத்துரைத்தார். மூலைக் கொத்தளம் என்பதே மூலக்கொத்தளம் ஆயிற்று. ஐதர் அலியின் படை 1769-இல் சென்னையின் வாசல்வரை வந்து, உடன்படிக்கை எழுதச் செய்து திரும்பிய காலத்தை ஒட்டி, கும்பினியார் கறுப்பர் நகரைச் சுற்றி மதிலெழுப்பினர். அம்மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே நம் பேட்டைக்குப் பெயர் தந்தது. மதிலுக்கென வரி விதிக்க எண்ணியதன் நினைவாக வால்டாக்ஸ் சாலை இருக்கிறது. மதிலின் ஒரு துண்டு இன்றும் பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. 1939-இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசன், தாளமுத்து இருவரையும் அடக்கம் செய்த மண்ணும் எங்கள் மூலக்கொத்தளத்து இடுகாடுதான். ஆக, வாழ்ந்தவர்களைவிட இறந்தவர்களாலேயே பெயர்பெற்ற பேட்டை எங்களுடையது என்று பெரியவர் சிரித்துக்கொண்டே கூறினார். அந்தச் சிரிப்பு அன்று மாலைவரை எங்களைப் பின்தொடரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயத்தின் முன் வேனை நிறுத்தி ஒரு மங்கள வார்த்தை செபம் சொன்னோம். பேதுருவை இராயப்பர் என்றழைத்த நம் முன்னோரின் நாவிலிருந்தே ஊரின் பெயர் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாலயத்தை எழுப்பியவர்கள் படகோட்டும் மக்கள். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமையும்வரை கப்பல்கள் கரைக்கு வரவியலாது. நடுக்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிச் சென்று, ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவர்கள் இவர்களே. ஆணியடித்த படகு அந்த அலையில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்துகொடுக்கும். பெரியவருடைய பாட்டனாரின் தந்தை அத்தொழில் செய்தவராம். ‘கவர்னர் துரையானாலும் எங்காளுங்க தோள்மேல ஏறித்தான் கரைக்கு வரணும்’ என்று அவர் பெருமையோடு சொல்லிக்கொண்டார்.

திருவொற்றியூரைக் கடந்து மணலி புதுநகர் வழியாகச் சென்றபோது, எண்ணூர்ப் பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் அக்கழிமுகத்தில், 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படர்ந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். எண்ணூர்க் குப்பங்களிலிருந்து எங்கள் பங்குகளுக்கு உறவுமுறையில் வந்த பெண்கள் பலர். எண்ணெய் படிந்த வலையை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்த கதையை ஒரு தாய் வேனில் சொன்னார். அதற்குமேல் பேச அவர் விரும்பவில்லை.

மீஞ்சூரைத் தாண்டியதும் நிலம் மாறியது. அறுவடை முடிந்த வயல்கள், வைக்கோல் போர்கள், தாமரை மூடிய ஏரிகள். பொன்னேரிச் சந்தையில் இறங்கித் தேநீர் அருந்தினோம். நகரத்துக் குழந்தைகளுக்குக் களத்து மேடும் ஒரு காட்சிப்பொருளாகிவிட்டதைக் கண்டு பெரியவர்கள் வருந்தினர். பிள்ளைகளோ மாட்டுவண்டியைக் கைப்பேசியில் படமெடுப்பதில் மும்முரமாயிருந்தனர். திருப்பாலைவனத்துக் கோவிலைக் கடந்ததும் காற்றில் உப்பு மணத்தது.

பழவேற்காட்டில் முதலில் மகிமை மாதா திருத்தலத்திற்குச் சென்றோம். 1515-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் காலத்தில் இங்கே ஆலயம் எழுந்தது என்பது வழிவழி வரும் மரபு. இன்று நிற்பது அண்மைக் காலத்துக் கட்டடம். பழைய சுவர்களைத் தேடி வந்த எங்கள் ஆசிரியைக்குச் சிறிது ஏமாற்றம்தான். ஆயினும் சொல்லத்தக்க பெருமை இவ்வூருக்கு ஒன்று உண்டு. 1517-இல் மலாக்காவிலிருந்து பழவேற்காட்டில் வந்திறங்கிய தியோகு பெர்னாண்டஸ், பஸ்தியான் பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியரை, உடன்வந்த அர்மேனிய வணிகரொருவர் மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று புனித தோமையாரின் கல்லறையைக் காட்டினார். சாந்தோமின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த நடையிலிருந்து தொடங்குகிறது எனலாம். நாம் மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்தோம். அவர்கள் இங்கிருந்து மயிலாப்பூருக்குப் போனார்கள். தோமையாரின் கல்லறைக்கு வழிகாட்டியவர் உரோமைத் திருச்சபையைச் சாராத ஓர் அர்மேனியர் என்பதைக் கேட்டு எங்கள் உபதேசியார் நெற்றியைச் சுருக்கினார். பரங்கிமலையின் படிக்கட்டுகளைக் கட்டுவித்த பெத்ருஸ் உஸ்கானும் அர்மேனியரே என்று ஆசிரியை நினைவூட்டினார். மணிலாவோடு நடத்திய வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர் அவர்.

மணிலாவின் பெயரைக் கேட்டதும் பிள்ளைகளின் கண்கள் அகன்றன. அங்கும் நம் மண்ணின் மனிதர் உண்டு என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1762-இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கப்பற்படை திரட்டிச் சென்று மணிலாவைக் கைப்பற்றினார்கள். 1764-இல் திரும்பியபோது, உடன் சென்ற இந்தியச் சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. இன்றைய ரிசால் மாகாணத்தின் கைந்தா என்னும் ஊரில் அவ்வூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். அவர்தம் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். அதே மாகாணத்தில்தான், பசிபிக் கடலைப் பலமுறை கடந்த ‘சமாதானத்தின், நற்பயணத்தின் மாதா’ அந்திப்போலோ நகரில் வீற்றிருக்கிறார். தானாய் என்னும் ஊர் ஆலயத்தின் சிலுவைப்பாதைச் சிற்பங்களில் உரோமைப் போர்வீரனுக்குப் பதிலாக எருமைக்கொம்பு ஊதும் நாட்டுப்புறத்தான் நிற்கிறானாம். கடல் கடந்தவர்கள் தாம் போன இடத்தில் வேரூன்றிய இக்கதைகள் எங்களுக்கு மிகவும் இனித்தன. கடல் கடந்தவர் எல்லாருக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை.

பழவேற்காட்டின் மறுபெயரே இன்னும் கீழைக்கடல்களில் வாழ்கிறது. மலாய் மக்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். இக்கரையின் நெசவாளர் நெய்த துணிக்குப் பண்டா, மொலுக்காஸ் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் கிடைத்தன. பொன்னைவிடத் துணியையே அத்தீவார் விரும்பினர். அந்த வாணிகத்துக்காகவே ஒல்லாந்தர் இங்கு வந்தனர். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. சென்னப்பட்டினத்தில் ஆங்கிலேயர் காலூன்றியது 1639-இல்தான். நம் மாநகரம் பிறக்கும் முன்பே இச்சிற்றூர் ஒரு கடலோரத் தலைநகராயிருந்தது. ஆங்கிலேயர் 1806-இல் அக்கோட்டையை இடித்துத் தள்ளினர்; 1825-இல் ஊரும் அவர்கள் கைக்கே வந்தது. இன்று கோட்டை நின்ற இடத்தில் முட்புதர் மண்டிய மேடும் சிதைந்த அகழியுமே உண்டு.

ஆனால் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில், வேலியிட்டுப் பூட்டிய வாயிலோடு இருக்கிறது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட ஒல்லாந்தர் கல்லறைகள். நெடிய கற்பலகைகளில் புடைத்த எழுத்துகள், குலச்சின்னங்கள், கப்பல்கள், மண்டை ஓடுகள். நானூறு ஆண்டுகள் நெருங்கியும் எழுத்து மங்கவில்லை. இத்தனை நேர்த்தியான கல் வேலையைக் கண்டு எங்கள் தாய்மார்கள், காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் தங்கள் பெற்றோருக்குச் சிமெண்டுச் சிலுவை வைக்கப் பட்ட பாட்டை ஒப்பிட்டுப் பெருமூச்சு விட்டனர். பிள்ளைகள் மண்டை ஓட்டின் அருகே நின்று படமெடுத்துக்கொண்டனர்.

ஆசிரியை அப்போதுதான் அந்தச் செய்தியைச் சொன்னார். அவர் அதைச் சொல்லவேண்டுமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தது எங்களில் சிலருக்குத் தெரியும்.

இத்துறையிலிருந்து கப்பலேறியது துணி மட்டுமன்று, மனிதரும் ஏறினர். 1621-இல் ஒல்லாந்தர் பண்டா தீவு மக்களைப் பெரும்பாலும் கொன்றும் நாடு கடத்தியும் வெறுமையாக்கினார்கள். சாதிக்காய்த் தோட்டங்களில் உழைக்கவும் பத்தாவியா நகரைக் கட்டவும் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சோழமண்டலக் கரையிலோ போரும் பஞ்சமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. விசயநகரத்து வாரிசுப் போர்களால் ஊர்கள் பாழாயின. 1646-47 பஞ்சத்தில் மக்கள் வழியெங்கும் மடிந்தனர். சோற்றுக்காகத் தம்மையே விற்றவர் உண்டு. பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று பிள்ளையை விற்ற பெற்றோரும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்தும் இக்கரையின் பிற துறைகளிலிருந்தும் பல்லாயிரவர் இவ்வாறு அடிமைகளாய்க் கொண்டு செல்லப்பட்டனர்.

‘அவர்கள் புராட்டஸ்டண்டுகள்’ என்றார் உபதேசியார் சட்டென்று. ஆசிரியை அமைதியாகப் பதிலளித்தார்: கத்தோலிக்கரான போர்த்துக்கீசியரும் நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து இதே வாணிகத்தைச் செய்தனர், அவர்கள் ஏற்றிய அடிமைகள் மலாக்காவுக்கும் மணிலாவுக்கும் போனார்கள். 1537-இலேயே திருத்தந்தை மூன்றாம் பவுல் புதிய உலகின் மக்களை அடிமைப்படுத்தலாகாது என்று எழுதியிருந்தார். 1839-இல் பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிகம் முழுவதையும் கண்டித்தார். நடுவே கழிந்த முந்நூறு ஆண்டுகளும் வாணிகம் நின்றுவிடவில்லை. 1992 பிப்ரவரியில் செனகல் நாட்டின் கோரே தீவுக்குச் சென்ற இரண்டாம் யோவான் பவுல், அடிமைகள் கடைசியாகக் கடந்துபோன வாசலைக் கண்டு, கிறிஸ்தவர் செய்த அப்பாவத்துக்காக விண்ணகத்தின் மன்னிப்பை வேண்டினார் என்பதையும் ஆசிரியை கூறினார். கோரேயில் ஒரு வாசலாவது இருக்கிறது. பழவேற்காட்டில் அவர்கள் கடந்த வாசல் எதுவென்று காட்ட ஒரு கல்லும் இல்லை. விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் மட்டும் கல் இருக்கிறது.

அதுவரை பேசாதிருந்த பெரியவர் கேட்டார்: ‘ஏம்மா டீச்சர், கப்பல் எங்கே நின்னிருக்கும்?’

‘கடலுக்குள்ளேதான் ஐயா. முகத்துவாரத்தில் பெரிய கப்பல் நுழைய முடியாதே.’

‘அப்போ கரையிலருந்து இவங்கள ஏத்திக்கினு போனது யாரு? வெள்ளக்காரனா துடுப்பு போட்டான்?’

யாரும் பதில் சொல்லவில்லை. காலையில் கவர்னர் துரையைத் தோளில் சுமந்த கதையைச் சொன்ன அதே வாய்தான் இதைக் கேட்டது. எந்த ஏட்டிலும் அந்தப் படகோட்டியின் பெயர் இராது. கூலிக்குத்தான் அவன் துடுப்புப் போட்டிருப்பான்; மறுத்திருந்தால் வேறொருவன் போட்டிருப்பான். பஞ்சகாலத்தில் அவன் வீட்டிலும் அடுப்பு எரிந்திராது. இவையெல்லாம் உண்மையே. இருந்தும் அலையைத் தாண்டும்போது படகில் இருந்தவர்களின் அழுகை அவன் அறிந்த மொழியில்தான் இருந்திருக்கும். அந்நியர் செய்த கொடுமை என்று ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எங்கள் எளிய வழி அத்தோடு அடைபட்டது. பாரம்பரியம் என்று நாம் தேடிச்செல்வது பெரும்பாலும் நம்மைப் பெருமைப்படுத்தும் பொருள்களை மட்டுமே. அன்று எங்களுக்கு எதிர்ப்பட்டது வேறு.

மதிய உணவை ஏரிக்கரையில் உண்டோம். தாய்மார்கள் கொண்டுவந்த புளிச்சோற்றோடு, அவ்வூர்ப் பெண்ணொருவரிடம் வாங்கிய இறாலும் சேர்ந்தது. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தொலைவில் பூநாரைகள் வெளிறிய செந்நிறக் கோடாய் நின்றன. அதற்கப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்கலங்கள் எழும்பும்போது இந்தக் கரையில் நின்றே பார்க்கலாமாம். பிள்ளைகள் படகில் போகவேண்டும் என்று அடம்பிடித்தனர். இறால் விற்ற அம்மையார் கையசைத்து மறுத்தார். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று உல்லாசமாகப் படகேறி வந்தவர்களில் 22 பேர் இந்த நீரில் மூழ்கி மாண்டார்கள். ‘அன்னைக்கு எங்க ஆளுங்கதான் ஒவ்வொருத்தரா தூக்கினாங்க. அதுக்கப்புறம் வெளியாள ஏத்தறதில்ல, கண்ணு’ என்றார்.

அவரிடமிருந்தே ‘பாடு’ முறையைப் பற்றி அறிந்தோம். ஏரியில் மீன்படும் இடங்களை ஊரார் பாடுகளாகப் பிரித்து, முறைவைத்துக் குடும்பங்களுக்கு ஒதுக்குவார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. இன்று ஒருவன் வலையிட்ட இடத்தில் நாளை வேறொருவன். சமத்துவம் பேசும் நூல்கள் எழுதப்படும் முன்பே நடந்துவந்த ஏற்பாடு இது. பாடு உரிமை இல்லாத சாதியாரும் உண்டு. அதனால் பூசலும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதும், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டமும்தான் இப்போது ஊரின் பேச்சு. ‘கடல் நவுந்தா நாங்க எங்க நவுர்றது?’ என்று அவர் கேட்டார். ‘எண்ணூரைப் பாத்தீங்கள்ல, வழியில?’ என்றும் சேர்த்துக்கொண்டார். எண்ணெய் துடைத்த கதையைச் சொன்ன எங்கள் தாய் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் வெகுநேரம் தனியே பேசிக்கொண்டிருந்தனர்.

பள்ளிவாசல் தெருவில் இசுலாமியப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளை வாங்கிக்கொண்டு நான்கு மணிக்குத் திரும்பினோம். ஆதிநாராயணப் பெருமாள் கோவிலைக் காண நேரம் போதவில்லை.

வேனில் செபமாலை தொடங்கியது. துயர மறைபொருள்களின் முடிவில், இறந்த விசுவாசிகளுக்கான மன்றாட்டின்போது பெரியவர் இடைமறித்து, ‘அவங்களுக்காகவும் ஒண்ணு சொல்லுங்க’ என்றார். எவர்களுக்காக என்று யாரும் கேட்கவில்லை. உபதேசியார் ஒரு கணம் தயங்கினார். அவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்களோ அல்லரோ என்ற ஐயம் அவருக்கு இருந்திருக்கும். பின்பு தாமே முன்வந்து, ‘அனைத்து ஆன்மாக்களுக்காகவும்’ என்று கூறி மூன்று முறை செபித்தார். பின் இருக்கையில் உறங்கியும் உறங்காமலும் இருந்த பிள்ளைகளும் பதில் சொன்னார்கள்.

வரும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு எங்கள் அன்பியத்தின் சார்பில் ஒரு திருப்பலிக் கருத்துக் கொடுப்பது என்று மணலியைத் தாண்டும்போது முடிவாயிற்று. மறுவாரமே பங்கு அலுவலகத்துக்குச் சென்றோம். பதிவேட்டில் எழுதும் இளைஞர், ‘இறந்தவர் பெயர் சொல்லுங்கள்’ என்றார். பெயர் தெரியாது என்றோம். எத்தனை பேர் என்றார். அதுவும் சொல்ல முடியவில்லை. எந்த ஆண்டு இறந்தார்கள், உறவுமுறை என்ன என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். முதல் கட்டத்தில் ‘பழவேற்காட்டில் கப்பலேறியவர்கள்’ என்றும், உறவுமுறைக் கட்டத்தில் ‘ஊரார்’ என்றும் பெரியவர் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.